நாட்டுக்கோழியைக் கைக்கு அண்டும்படி பழக்குவது எப்படி: பொரித்த நாள் முதல் மடியில் உட்காரும் வரை

"இரை போட்டா வருது, கையை நீட்டினா பறக்குது." கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கும் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆசையாகக் குஞ்சு வாங்கி, தினமும் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே கோழி ஆளைக் கண்டாலே வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும். கோழிக்குப் பாசமே கிடையாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கோழியிடம் குறையில்லை, வரிசைதான் மாறிப்போகிறது. நாம் முதலில் பிடிக்கிறோம், பிறகு தடவுகிறோம், கடைசியில் சமாதானத்துக்கு இரை காட்டுகிறோம். கோழிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. முதலில் பயம் தெளிய வேண்டும், அடுத்தது இரை, அடுத்தது கை, தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கோழியைப் பிடித்துப் பழக்க முடியாது, வரவழைத்துத்தான் பழக்க முடியும். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்தக் கோழியை அறுக்கப்போவதில்லை என்று வீட்டில் முதலிலேயே பேசுங்கள்

நம் வீடுகளில் நாட்டுக்கோழி முட்டைக்கும் கறிக்கும் வளர்வது. மாப்பிள்ளை வந்தாலும் தீபாவளி வந்தாலும், கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தைத்தான் திறப்பார்கள். பிள்ளை பெயர் வைத்துக் கூப்பிட்ட கோழி அன்றைக்குக் குழம்பில் கிடந்தால், அந்த வருத்தம் அத்தனை சீக்கிரம் ஆறாது. நம்பி மடியில் வந்து உட்காரும் உயிரை அதே கையால் பிடித்துக் கொடுப்பது எனக்கு ஒப்பாத காரியம். அதனால் ஒட்டப்போகும் கோழி எது என்பதைக் குஞ்சிலேயே முடிவு செய்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். அது முனியப்பனுக்கோ கருப்பசாமிக்கோ நேர்ந்துவிட்ட சேவலா? நேர்ந்ததை மாற்றிக்கொள்ள பிறகு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுத்த கோழிக்குக் காலில் நிற வளையம் போடலாம். கால் தடிக்கத் தடிக்க வளையத்தை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் தோலுக்குள் பதிந்து புண்ணாகிவிடும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

தரையோடு தரையாக உட்கார ஒரு பலகை வேண்டும். நின்றுகொண்டு கோழியைப் பழக்க முடியாது. அதன் கண்ணுக்கு நாம் மேலிருந்து கவியும் பெரிய உருவம். பருந்துக்குப் பயந்தே வளரும் உயிர் அது.

ஒரு பஞ்சாரம், குஞ்சுகளுக்கு ஒரு அட்டைப்பெட்டி, கீழே பரப்ப உமி. தினப்படி இரைக்கு நொய், கம்பு, தவிடு. இவை போக, உங்கள் கையிலிருந்து மட்டுமே கிடைக்கிற ஒரு ருசி வேண்டும். அதற்குக் கரையானை மிஞ்சிய ஒன்றை நான் பார்த்ததில்லை. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, தேங்காய் மட்டை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானைக்குள் மொய்த்திருக்கும். கரையான் கிடைக்காத ஊரில் மண்புழுவோ வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோ போதும். உப்புப் போட்ட சோறு, மிக்சர், ஊறுகாய் எதுவும் ஆகாது. உப்பு மிஞ்சினால் குஞ்சு பிழைக்காது.

கடைசியாக, ஒரே ஒரு கூப்பிடும் குரல். "பா... பா... பா" என்பீர்களோ, உங்கள் ஊர் வழக்கம் வேறோ, எதுவானாலும் வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். இரை இல்லாமல் அந்தக் குரலைக் கொடுக்காதீர்கள். சும்மா கூப்பிட்டு ஏமாற்றினால் அந்தக் குரலுக்கு மதிப்புப் போய்விடும்.

3. ஒற்றைக் குஞ்சாக வளர்க்காதீர்கள்

ஒன்றே ஒன்று இருந்தால் நம்மோடு அதிகம் ஒட்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒட்டத்தான் செய்யும். ஆனால் நாம் கண்ணைவிட்டு மறைந்த நொடியிலிருந்து கத்திக் கத்தி ஓய்ந்து, இரை எடுக்காமல் சுருண்டுவிடும். கொத்தித் தின்பதையும் மண்ணில் புரள்வதையும் குஞ்சு மற்றக் குஞ்சுகளைப் பார்த்துத்தான் சீக்கிரம் கற்கிறது. தனியாக வளர்ந்ததைப் பிறகு கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தி ஓரம்கட்டும். குறைந்தது மூன்று குஞ்சுகள் வையுங்கள்.

தெருவில் சாயம் பூசி விற்கும் கலர்க் குஞ்சுகளை வாங்க வேண்டாம். பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிடும் சேவல் குஞ்சுகள். சூடும் தண்ணீரும் இல்லாமல் அலைக்கழிந்து வருபவை. பிள்ளையின் முதல் கோழி இரண்டே நாளில் கையிலேயே சாவதற்கு இதுதான் பெரிய காரணம்.

சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தின் குஞ்சு கிடைத்தால் நல்லது. உருவம் சிறியது, பிள்ளைகள் மடிக்கும் தாங்கும்.

4. இன்குபேட்டர் குஞ்சு என்றால்: முதல் மூன்று நாள் சூடும் குரலும்தான்

கோழி முட்டை பொரிக்க 21 நாள். கடைசி ஓரிரு நாளில் குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சிடும், அடைக்கோழி அதற்குப் பதில் குரல் கொடுக்கும். இன்குபேட்டரில் அந்தப் பதில் கிடையாது. அந்த இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கூப்பிடும் குரலை மெதுவாகக் கொடுங்கள். பொரித்து வெளியே வரும்போது அந்தக் குரல் அதற்குப் பழகியிருக்கும்.

பொரித்த ஒன்றிரண்டு நாளுக்குள் கண்முன் அசைவதை, குரல் கொடுப்பதை, குஞ்சு தன் தாயாக மனதில் பதித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு மெனக்கெட்டாலும் இவ்வளவு எளிதாக அமையாது. அதற்காகத் தூக்கிக்கொண்டே திரியக்கூடாது. பெட்டிப் பக்கத்தில் இருங்கள், பேசுங்கள், உள்ளங்கையை உமிமேல் மல்லாத்தி வையுங்கள். குஞ்சு தானாக ஏறும். கை வெதுவெதுப்பாக இருப்பதால் ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துவிடும். அப்போது விரலை மடக்காதீர்கள்.

சூடு சரியில்லை என்றால் மற்றது எதுவும் நடக்காது. முதல் வாரம் குஞ்சின் மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். வேண்டாதபோது குஞ்சு மறு ஓரம் போகட்டும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. தள்ளிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துச் சின்னச் சின்னதாக முனகிக்கொண்டிருந்தால் சரி. உரத்த, இடைவிடாத கீச்சுச் சத்தம் வந்தால் கொஞ்ச வேண்டாம், முதலில் சூட்டையும் தண்ணீரையும் பாருங்கள்.

முதல் நாள் இரை எடுக்கவில்லையே என்று பதறி வாயில் திணிக்காதீர்கள். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். நொய்யைத் தாளில் தூவி, ஆள்காட்டி விரலால் டொக் டொக்கென்று தட்டிக் குரல் கொடுங்கள். தாய்க்கோழி அலகால் செய்துகாட்டுவதும் இதேதான். கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு வந்து விரல் தட்டிய இடத்திலேயே கொத்தும், மற்றவை அதன் பின்னால் வரும்.

5. தாயோடு திரியும் குஞ்சு என்றால்: முதலில் தாயைப் பிடியுங்கள்

பிடிப்பது என்றால் மனதைப் பிடிப்பது. குஞ்சைக் கையில் எடுத்ததும் அது கத்தும். தாய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை நோக்கிப் பாயும். அன்றிலிருந்து உங்களைக் கண்டாலே அபாயக் குரல் கொடுக்கும், குஞ்சுகளும் அதைக் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு தடவை எடுத்தாலும் பல நாள் உழைப்பு வீண்.

பஞ்சாரத்துக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து தாய்க்கு மட்டும் கரையான் போடுங்கள். தாய் அதைத் தானே தின்றுவிடாது. அலகால் எடுத்தெடுத்துக் கீழே போட்டுக் கொக்கொக்கென்று குஞ்சுகளைக் கூப்பிடும். உங்கள் கையிலிருந்து விழுந்ததை அது தன் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய அடையாளம். அதன்பின் நாளுக்கு நாள் தூரத்தைக் குறையுங்கள்.

குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் தாண்டும்போது தாய் அவற்றைக் கொத்தி விரட்டத் தொடங்கும். திகைத்துப்போய் வேலியோரம் கூடி நிற்கும் அந்த நாட்களில்தான் அவை ஆளை அதிகம் அண்டுகின்றன. காலை மாலை இரண்டு வேளையும் உட்காருங்கள். இந்தச் சமயத்தைத் தவறவிடுபவர்களே அதிகம்.

6. கையிலிருந்து இரை

காலையில் கூடு திறந்தவுடன், பசியோடு இருக்கும்போது செய்ய வேண்டியது இது. சாயங்காலம் இரைப்பை நிரம்பிய கோழிக்குக் கை தேவைப்படாது.

பலகையைப் போட்டு உட்காருங்கள். முதல் சில நாள் கால்விரல் பக்கத்தில் தூவுங்கள், பிறகு முழங்கால் பக்கத்தில், பிறகு தரையில் வைத்த உள்ளங்கையில். ஒரு கட்டத்தில் தயக்கமில்லாமல் வந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஏதாவது ஒரு நாள் பின்வாங்கினால் நீங்களும் ஒரு படி பின்னுக்குப் போங்கள்.

அப்போது கோழி என்ன செய்கிறது என்று பாருங்கள். நேராக வராது. கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் கையைப் பார்க்கும், பிறகு மறு கண்ணால் உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒரு காலைத் தூக்கி மடக்கியபடியே நிற்கும். அந்தக் கால் தரையில் ஊன்றும் வரை நீங்கள் மூச்சுவிடுவதுகூட மெல்ல இருக்கட்டும். முதல் கொத்து கையில் படும்போது சுள்ளென்று இருக்கும். வெடுக்கென்று கையை இழுத்தால் எல்லாம் முதலிலிருந்து. கையைத் தட்டையாக, விரல்களைச் சேர்த்து வைத்தால் அவ்வளவாக வலிக்காது.

கண்ணைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சேலை முந்தானை, துண்டு, குடை எதுவும் ஆடக்கூடாது. நாய் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இந்தச் சிறப்பு இரை அளவோடு இருக்கட்டும், மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கொழுத்த கோழி முட்டைக்குச் சிரமப்படும்.

7. தொடுதல்

கையில் தின்னத் தொடங்கியதுமே முதுகைத் தடவப் போவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. மேலிருந்து இறங்கும் கை பருந்தின் வரவு. நெஞ்சிலிருந்து தொடங்குங்கள். தின்றுகொண்டிருக்கும்போது மறு கையின் விரல் முதுகால் நெஞ்சு இறகை ஒரு தடவை மேலோட்டமாக வருடி, உடனே எடுத்துவிடுங்கள். நகராமல் தின்றால் அடுத்த நாள் இரண்டு தடவை. நெஞ்சு பழகியபின் கழுத்தடி, அதன்பின் சிறகின் பக்கவாட்டு. முதுகும் கொண்டையும் கடைசி.

தொடுவதற்கு மாலை நேரம் நல்லது. கூட்டில் அடைவதற்கு அரை மணி முன்பு, மேய்ச்சல் முடிந்து வயிறு நிரம்பிய கோழிக்கு அவசரம் இருக்காது. காலை இரைக்கு, மாலை தொடுதலுக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. தூக்குவதும் மடியில் வைப்பதும்

சந்தையில் பிடிப்பது போலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவே கூடாது. கோழிக்கு நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்து அசைந்துதான் காற்று போய்வருகிறது. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சு முட்டும். பிள்ளைகள் ஆசையாகக் கட்டிப்பிடிக்கும்போது நடப்பது இதுதான்.

ஒரு கையை முன்பக்கமிருந்து நெஞ்சுக்கு அடியில் கொண்டுபோங்கள். கால்கள் விரல் இடுக்கில் வரட்டும், முழு எடையும் உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கட்டும். மறு கை சிறகுகளின்மேல் சும்மா படிந்திருந்தால் போதும். தலை உங்கள் முழங்கைப் பக்கம் பார்க்கலாம், அந்த இருட்டு அதற்கு அடக்கமாக இருக்கும்.

முதல் தடவை நாலைந்து மூச்சு நேரம் போதும். திமிறும்போது இறக்கிவிடாதீர்கள், திமிறினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அதற்காக இறுக்கவும் வேண்டாம். ஒரு நொடி அடங்கியதும் குனிந்து, கால் தரையைத் தொட்டபின் விடுங்கள். உயரத்திலிருந்து குதிக்கவிட்டால் காலில் அடிபடும்.

மடியைப் பொறுத்தவரை தூக்கி வைப்பதைவிட ஏறவைப்பது நல்லது. மடியில் ஒரு கோணியை விரித்து அதில் கம்பு தூவுங்கள். ஏறித் தின்று இறங்கட்டும். சில வாரத்தில் தின்று முடித்தும் இறங்காமல் காலை மடக்கி உட்காரும் நாள் வரும். கழுத்து மெல்ல உடம்புக்குள் இறங்கும், கண்ணின் கீழிமை மேலேறி மூடும், தொண்டைக்குள் ஒரு மெல்லிய முனகல் கேட்கும். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருங்கள்.

9. சந்தையிலிருந்து வரும் வளர்ந்த கோழி

கால்கட்டோடு தலைகீழாகத் தொங்கி வந்த கோழிக்கு மனிதக் கை என்றால் வலி. குஞ்சை விடப் பல மடங்கு பொறுமை வேண்டும், ஆனால் முடியும். வந்தவுடன் கட்டை அவிழ்த்துக் காலில் காயம் பாருங்கள், தண்ணீர் வையுங்கள், அன்றைக்கு அதோடு விடுங்கள்.

மற்றக் கோழிகளுக்கு நோய் தொற்றாமலிருக்க இரண்டு மூன்று வாரம் எப்படியும் தனியே வைக்க வேண்டும். அந்த நாட்களில் அதற்கு வரும் ஒரே ஆள் நீங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் கவனம் அதன்மேல் இல்லை என்று தெரிந்தால்தான் பயம் தெளியும். உங்கள் எதிரில் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்த பிறகு ஆறாவது படியைத் தொடங்குங்கள்.

10. சேவல் என்றால் எல்லை வேண்டும்

குஞ்சிலிருந்து கையிலேயே வளர்ந்த சேவலுக்கு மனிதர்மேல் பயம் இருக்காது. பருவம் வந்ததும் உங்களையும் கூட்டத்தில் ஒரு சேவலாகவே எண்ணி மோதிப் பார்க்கும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வட்டமடித்து வந்தால் விளையாட்டு என்று சிரிக்காதீர்கள். திருப்பி உதைக்கவும் வேண்டாம், உதைத்தால் அதைச் சண்டைக்கு ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். பின்வாங்காமல் நில்லுங்கள். முடிந்தால் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அது அடங்கும்வரை நடங்கள். இளம் பருவத்திலிருந்தே கையில் இரை கொடுப்பதைக் குறைத்துத் தரையில் போடுங்கள். சின்னப் பிள்ளைகளை அதனோடு தனியே விடக்கூடாது, அதன் கால் முள் முகத்தில் படும். முதல் தடவை பழக்குபவர்களுக்குப் பெட்டையே போதும் என்பேன்.

11. ஒட்டிவிட்டதா என்று தெரிந்துகொள்வது

ஒரு பொய்யான அடையாளத்தை முதலில் சொல்கிறேன். முட்டைக்கு வந்த வெடைக்கோழி, அதாவது இளம் பெட்டை, மேலே கை கொண்டுபோனதும் சிறகை லேசாக விரித்துத் தரையோடு பதுங்கும். பாசத்தில் பதுங்குகிறது என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். சேவலுக்குப் பதுங்கும் பழக்கம்தான் அது, பழகாத கோழியும் செய்யும்.

கையில் ஒன்றும் இல்லாதபோதும் வந்து காலடியில் நிற்பது நல்ல அடையாளம். உங்கள் பக்கத்திலேயே குழி பறித்து மண் குளியல் போட்டால் இன்னும் நல்லது. கண்மூடி, சாய்ந்து, ஓடத் தயாரில்லாத நிலையில் கிடப்பதை நம்பாத இடத்தில் எந்தக் கோழியும் செய்யாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அலகால் இறகு கோதிக்கொள்வதும் அப்படியே.

12. பழகிய கோழியைக் கெடுக்காமல் வைத்திருப்பது

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டே ஆக வேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் சொட்டு, எட்டாம் வாரம் வாக்கில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிடித்துக் கொடுப்பது வேறொருவர் கையாக இருக்கட்டும். உங்கள் கைக்கு அந்த வலியோடு தொடர்பு வேண்டாம். மருந்து போடப் பிடிக்க வேண்டியிருந்தால் அடைந்தபின் இருட்டில் பிடியுங்கள். கோழிக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது, துரத்தல் இல்லாமல் முடிந்துவிடும்.

அடையில் உட்கார்ந்திருக்கும்போது தொட வேண்டாம், கொத்தினாலும் கோபிக்க வேண்டாம். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்போதும் விட்டுவிடுங்கள். முளைக்கும் இறகில் ரத்தம் ஓடும், தடவினால் வலிக்கும். நேற்றுவரை மடிக்கு வந்தது இன்று விலகினால் முதலில் இதைப் பாருங்கள்.

மடிக்கு வரும் கோழியின் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். கோழி தன் சீக்கை மறைக்கும், கூட்டத்தில் பார்த்தால் தெரியாது. மடியில் இருக்கும்போது நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள், கத்தி முனைபோல் துருத்தினால் எடை இறங்கியிருக்கிறது. கொண்டை வெளிறியிருக்கிறதா, சிறகடியில் செள்ளுப்பூச்சி ஊர்கிறதா, எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ நீர்த்துப் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் முத்தம் வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடட்டும். அக்கம்பக்கத்தில் கோழிகள் திடீரென்று கொத்தாகச் சாகத் தொடங்கினால் உங்கள் கோழியை மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்து வைத்து, கொஞ்சுவதை நிறுத்தி, கால்நடை மருத்துவருக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். செத்த கோழியை வெறும் கையால் எடுக்க வேண்டாம்.